மேகவல்லியும் பல்லி சொன்ன திசையும்

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஏழு பயணிகள். கலத்தின் பெயர் மேகவல்லி.

நாணற்குளத்தின் கரையில் அது நிமிர்ந்து நின்றது. மூங்கில் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, இணைப்புகளில் அரக்குப் பூசி, உள்ளே வெடிமருந்து அடைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு பெரிய சுரைக்குடுக்கை. அதற்குள் அணில், முயல், முள்ளெலி என்று ஏழு பேர். போக வேண்டிய இடம் நிலா. காடே கரையில் கூடியிருந்தது.

இணைப்புகளைச் சோதிப்பது நுணுக்கி என்ற பல்லியின் வேலை. இடுக்கில் நுழைய அதனால் மட்டுமே முடியும். கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது இணைப்புக்குள் தலையை விட்டது. கண்ணில் வெயில் குத்தியது.

"நிறுத்துங்கள்!" என்று கத்தியது நுணுக்கி. "அரக்கு விரிந்திருக்கிறது. வெளிச்சம் உள்ளே வருகிறது. வெளிச்சம் வருகிற வழியாக நெருப்பு வெளியே வரும்!"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பல்லி பேசினால், என்ன பேசியது என்று யாரும் கேட்பதில்லை. எந்தத் திசையிலிருந்து பேசியது என்றுதான் கேட்பார்கள்.

கலத்தின் தலைவர் கரடி, பஞ்சாங்கம் பார்க்கும் நாரையைத் திரும்பிப் பார்த்தது. "நாரையாரே, எந்தப் பக்கம்?"

"தென்கிழக்கு, தலைவரே! நினைத்தது கைகூடும்!"

"அரக்கு விரிந்திருக்கிறது என்கிறேன்!"

"ஆகா, மறுபடியும் தென்கிழக்கு! இரட்டைப் பலன்!"

கூட்டம் கைதட்டியது. திரியில் நெருப்பு வைத்தார்கள்.

மூன்று பனைமர உயரம். அவ்வளவுதான் மேகவல்லி போனது. மூன்றாவது இணைப்பிலிருந்து ஒரு நாக்கு நெருப்பு பக்கவாட்டில் சீறியது. பிறகு குளத்தின் மேல் சாம்பல் விழுந்தது. ஏழு பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

காடு அழுதது. ஒரு மணி நேரம் உண்மையாகவே அழுதது. பிறகு பேச ஆரம்பித்தது.

"நிலாவில் நமக்கு என்ன வேலை? தரையில் கிடப்பதே சுகம். இனி ஒருத்தரும் பறக்கக் கூடாது!" என்றது ஆமை.

"நாளைக்கே பறக்க வேண்டும்! இல்லாவிட்டால் அந்த ஏழு பேரின் தியாகம் வீணாகிவிடும்!" என்றது மயில். அது அழுதுகொண்டே தோகையையும் சரிசெய்துகொண்டது.

குரங்குகள் சின்னச் சின்னச் சுரைக்காய்களில் கரியால் 'மேகவல்லி' என்று எழுதி, பழத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்தன.

நுணுக்கி கூட்டத்தின் நடுவே வந்தது. "தியாகமா? அவர்கள் எதையும் கொடுக்கவில்லை. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. விரிசல் இருப்பது தெரியாமலே செத்தார்கள்!"

அப்போதுதான் கூட்டத்துக்குப் பல்லியின் நினைவு வந்தது.

"இதோ இருக்கிறது, வாய் வைத்த பல்லி! இது சொன்னதால்தான் நடந்தது!"

"அடிங்கடா அதை!"

கல் பறந்தது. நுணுக்கி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாறை இடுக்கில் புகுந்தது. துள்ளிய வாலைக் கூட்டம் கால் மணி நேரம் மிதித்தது. "நீதி கிடைத்துவிட்டது!" என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். கரடி, நாரை, கரடியின் மைத்துனர். நாற்பது நாள் உட்கார்ந்து அறிக்கை கொடுத்தார்கள். பல்லி அன்று ஒரு சாண் தள்ளி இருந்ததாம். எனவே அது தென்கிழக்கு அல்ல, தெற்கு. இனிமேல் வடகிழக்கு மூலையில் ஒரு கல் போடப்படும், பல்லி அதன் மேல் நின்று மட்டுமே பேச வேண்டும். 'அரக்கு' என்ற சொல் அறிக்கையில் ஓரிடத்தில்கூட இல்லை.

இரண்டாவது கலம் தயாரானது. அதே மூங்கில், அதே அரக்கு. மறுபடி ஏழு பேர் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி சிட்டாள் என்ற அணில். முதல் கலத்தில் செத்த அணிலின் தங்கை.

நுணுக்கி மூன்றாவது இணைப்பில் தலையை விட்டது. கண்ணில் வெயில் குத்தியது.

கல்லுக்கு ஓடியது. "அதே விரிசல்! அதே இடம்!"

"வடகிழக்கு! மங்களம்!" என்று பாடியது நாரை. கூட்டம் ஆரவாரம் செய்தது.

நுணுக்கி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. குழாயில் ஏறி, சுரைக்குடுக்கைக்குள் நேராகப் போய் சிட்டாளின் முன்னால் நின்றது.

"கீழே வந்து ஒன்றைப் பார், சிட்டாள்."

"என் மூஞ்சியில் முழிக்காதே! நீ வாய் வைத்துத்தான் என் அண்ணன் செத்தான்!"

"உன் அண்ணனும் இதே மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் கத்தியதை அவன் காதில் யாரும் போடவில்லை. திட்டுவதை அப்புறம் திட்டு. முதலில் வந்து பார்!"

சிட்டாள் முறைத்தாள். பிறகு இறங்கினாள். மூன்றாவது இணைப்பில் கையை வைத்தாள். அவளுடைய விரல் உள்ளே போனது.

வெகுநேரம் அவள் விரலை எடுக்கவில்லை.

"எல்லாரும் இறங்குங்கள்!" அவள் கத்திய கத்தலில் கொக்குகள் பறந்தன. ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவராக விரலை விட்டுப் பார்த்தார்கள்.

"கோழைகளே!" என்று உறுமியது கரடி. "நல்ல நேரம் போகிறது. ஏறுங்கள்!"

"நீங்கள் ஏறுங்கள், தலைவரே. ஏழு இடம் காலியாக இருக்கிறது," என்றாள் சிட்டாள். "நாரையாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திசை சொல்ல ஆள் வேண்டுமே!"

கரடி நாரையைப் பார்த்தது. நாரை குளத்தைப் பார்த்தது. இரண்டும் ஏறவில்லை. ஆனாலும் நல்ல நேரத்தை விட மனமில்லாமல் கரடி வெறுங்கலத்துக்கே நெருப்பு வைத்தது. இரண்டு பனைமர உயரத்தில் அது வெடித்தது.

சாம்பல் மறுபடி குளத்தில் விழுந்தது.

"நான்தான் அன்றைக்கே சொன்னேனே, பறக்கவே கூடாது என்று," என ஆரம்பித்தது ஆமை.

"பறப்போம்," என்றாள் சிட்டாள். "இணைப்பைக் கழற்றிப் புதிதாகச் செய்வோம். பல்லி சரி என்று சொல்லும் வரை ஒருவரும் ஏற மாட்டோம். நல்ல நேரம் பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்."

கரடியும் நாரையும் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மாசி பதினான்காம் தேதி மூன்றாவது கலம் ஏழு பேருடன் கிளம்பியது. இருபதாம் தேதி ஏழு பேருடன் திரும்பியது.

எச்சரிக்கை செய்பவரின் வார்த்தையை விட்டுவிட்டுச் சகுனத்தைப் பார்ப்பவர்கள், தங்களை நம்பி ஏறியவர்களைக் கொல்கிறார்கள்.