கதவோரத்து வேலுச்சாமி

"டீச்சரம்மா, இந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனுக மேல கேஸ் போடப் போறேன்!"

செங்கோடன் மேசையில் அடித்த அடியில் மவுஸ் ஒரு குதி குதித்தது.

ஐம்பது தாண்டியபின் பர்வீனிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர் அவர். டீச்சருக்கு முப்பதுதான். செங்கோடனோ, வம்படியாகப் பேரம் பேசியே நாலு எம்பிராய்டரி மிஷின் வாங்கிப் போட்ட மனுஷன்.

அந்த நாலும் காலையிலிருந்து சும்மா நின்றன. டிசைன் புரோகிராம் திறக்கவில்லை.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது. நானூறு பேட்ஜ். சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரலைன்னா ஆர்டர் அடுத்த தெருக்காரனுக்கு!"

"தொறந்தா என்னங்கண்ணா சொல்லுது?"

"ஒரு ஃபைல் பேரைச் சொல்லி, அது பழசு, ஒத்து வராதுங்குது. புளுகு! புது ஃபைலைக் காலைலதான் அவனுகளே ஏத்துனானுக. விண்டோஸ் ஃபோல்டர்ல உக்காந்திருக்குது. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அதுக்கு முந்தி?"

"போன மாசம் இதே ஃபைலைக் காணோம்னுச்சு. மச்சான் கம்ப்யூட்டர்ல அதே பேர்ல ஒண்ணு கெடந்துச்சு. கொண்டாந்து புரோகிராம் ஃபோல்டருக்குள்ளயே போட்டேன். பக்கத்துலயே இருந்தா எடுத்துக்க வசதி பாருங்க. தொறந்துச்சே!"

பர்வீன் கீபோர்டைத் தொடவில்லை.

"மூணாவது மிஷின்ல ஊசி மாத்தணும். வேலுச்சாமியைக் கூப்பிடுங்கண்ணா."

"இப்ப ஊசியா முக்கியம்?"

"கூப்பிடுங்க."

"வேலுச்சாமீ!"

கதவோரத்திலிருந்து, இஸ்திரி போடும் சின்ன வேலுச்சாமி எழுந்து ஓடிவந்தான். கையில் இஸ்திரிப் பெட்டி.

"நீ எதுக்குடா வந்தே? ஊசி மாத்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. கூப்பிட்டீங்க, வந்தேனுங்க."

உள்ளே, பதினைந்து வருஷமாக ஊசி மாற்றுகிற பெரிய வேலுச்சாமி தலையைக்கூடத் தூக்கவில்லை. அதான் ஒருத்தன் போய்விட்டானே என்று நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

செங்கோடனுக்குக் கண் சிவந்தது.

"அவரைக் கூப்பிட்டா நீ வந்து நிக்கறே! குறுக்கால உக்காந்துக்கிட்டு! உன்னை யார்ரா இந்தக் கதவோரத்துல உக்கார வெச்சது?"

"நீங்கதானுங்க மொதலாளி. பக்கத்துலயே இருந்தா கூப்பிட வசதின்னு."

அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தவர் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த மச்சான் ஃபைலு...?"

பர்வீன் மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.