மெழுகில் இருந்த குரல்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணிகள் ஓயாமல் போய்வந்த காலம். குரூஸ் என்றொரு தண்டல், தோணியை நடத்தும் தலைவன், தன் தோணியில் ஒரு போனோகிராப்பை வாங்கிவந்தான். சாவி கொடுத்தால் மெழுகு உருளை சுழலும். அதில் பாட்டுக் கேட்கலாம், நம் குரலையும் பதியலாம். அவன் மனைவி பிலோமினா அப்போது நிறைமாதக்காரி. அடுத்த பயணம் கிளம்பும் நாளன்று குரூஸ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஓர் உருளையில் ஏதோ பேசிப் பதிந்தான். வெளியே வந்து அதை அவள் கையில் கொடுத்தான்.

"பிள்ளைக்குப் பேசியிருக்கேன். முதல்ல அது கேக்கணும். அப்புறந்தான் நீ. சத்தியம் பண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தாள். அந்தத் தோணி திரும்பி வரவில்லை.

பெண் பிறந்தாள். அமலோர்பவம் என்று பேர் வைத்தார்கள். பேச்சுப் புரியும் வயது வரட்டும் என்று பிலோமினா காத்திருந்தாள். கோயில் மணி தலைக்கு மேலேயே அடித்தும் குழந்தை திரும்பிப் பார்க்காத அன்றுதான் விஷயம் விளங்கியது. பிள்ளைக்குக் காது கேட்காது.

உருளையைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, அலமாரியில் பூட்டினாள். புருஷன் முகம் அவளுக்கு மறக்கவில்லை, குரல் மறந்துபோனது. அடுப்படியில் நிற்கும்போது அவன் எப்படிக் கூப்பிடுவான் என்று நினைத்துப் பார்ப்பாள். நெஞ்சுக்குள் தன் குரல்தான் கேட்கும். அவன் குரலோ அதே வீட்டில், கைநீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தது.

அமலோர்பவம் வளர்ந்து தையற்காரியானாள். தாயின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். விரல்களால் பதில் சொல்வாள். வயதாகி பிலோமினாவின் காதும் மந்தமாகத் தொடங்கியபோது பயந்தது மகள்தான். இன்னும் தாமதித்தால் அந்தக் குரலைக் கேட்க அந்த வீட்டில் காதே இருக்காது.

போனோகிராப்பை அவளே இறக்கிப் பிரித்தாள். உப்புக்காற்றில் துருவேறிய பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். சுருள்வில்லில் கெட்டிப்பட்டிருந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்தாள். இற்றுப்போன வாருக்குப் பதிலாகத் தையல் மெஷின் வாரை அளவாக வெட்டி இணைத்தாள். ஊசிக்கு மேலே இருக்கும் மைக்காத் தகடு விரிசல் விட்டிருந்தது. சித்தப்பா கஸ்பார் எங்கெங்கோ அலைந்து வேறொன்று கொண்டுவந்தார். ஓட்டம் சீராக இருக்கிறதா என்பதைப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தே கண்டுபிடித்தாள். ஒலி பரப்பும் புனல் எப்போதோ தொலைந்துவிட்டது. ஒருவர் மட்டும் காதில் வைத்துக் கேட்கும்படி ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தினாள்.

டப்பாவைத் திறந்தபோது உருளை முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கஸ்பார் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தடவைதான் ஓடும் மதினி. ஊசி உரசினா மெழுகு அத்தோட உதிர்ந்துரும். நீங்களே கேட்டுருங்க. பிள்ளை இப்படிப் பொறக்கும்னு தெரிஞ்சிருந்தா அண்ணன் அந்தச் சத்தியத்தைக் கேட்டிருப்பாரா? செத்தவர் வார்த்தை உங்களை எதுக்குக் கட்டணும்?"

மகளும் விரலால் சொன்னாள். முதலில் கேட்கும் உரிமை எனக்குத்தானே? அதை உனக்குத் தருகிறேன்.

"நீ கேக்காம நான் கேக்கமாட்டேன்" என்றாள் பிலோமினா. உருளை மறுபடியும் அலமாரிக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்பியபோது உருளை இயந்திரத்தில் மாட்டியிருந்தது. அமலோர்பவம் பக்கத்தில் நின்றாள்.

நான் ஓட்டிவிட்டேன், என்றன அவள் விரல்கள். பெட்டியில் கையை வைத்துக் கேட்டேன். அப்பா பேசினார். மெழுகு தாங்கிக்கொண்டது, இன்னொரு முறை ஓடும். இனி உன் முறை.

பிலோமினா குனிந்து பார்த்தாள். பூஞ்சணம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கலையாமல் இருந்தது. ஊசி பட்ட தடம் எங்குமே இல்லை.

"அப்பா என்ன சொன்னாரு?"

மகளின் விரல்கள் தடுமாறின. நன்றாகப் பேசினார், என்றாள்.

பிலோமினா முக்காலியை இழுத்துப் பெட்டியருகே உட்கார்ந்தாள். பிறகு குழாயை எடுத்துக் காதில் வைத்தாள். மகள் விசையைத் தட்டினாள்.

செத்தவர் வார்த்தை கட்டாது என்றார் கஸ்பார். பொய் சொல்லித் தாயைச் சத்தியத்திலிருந்து விடுவித்தாள் மகள். பொய்யென்று தெரிந்தே காதைக் கொடுத்தாள் தாய். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: கஸ்பார் பேச்சில் நியாயம் இருந்தாலும், அந்த உரிமை குரூஸ் தன் பிள்ளைக்குக் கொடுத்தது, அதைத் தள்ளிவிடச் சித்தப்பாவுக்குப் பாத்தியதை இல்லை. பிள்ளைக்கு உண்டு. அவள் உண்மையைச் சொல்லிக் கொடுத்தபோது தாய் வாங்கவில்லை. அதனால் பொய் சொல்லிக் கொடுத்தாள். அவள் எவ்வளவு ஆசையாகக் கொடுக்கிறாள் என்று கண்டு, கேள்வியை நிறுத்தி வாங்கிக்கொண்டாளே, அந்தத் தாய் செய்ததே சரி. ஊசி ஓட ஓட, கேட்டதையெல்லாம் பிலோமினா உதட்டால் திரும்பச் சொன்னாள்; மகள் ஒன்று விடாமல் படித்துக்கொண்டாள். தொடக்கத்தில் வந்ததை மட்டும் தாய் சொல்லவில்லை. அன்று சாத்திய கதவுக்கு வெளியே நின்றிருந்த தன்னிடம் அவன் சொன்னது, தெரியாமல் மெழுகில் பதிந்திருந்தது: "பிலோமி, உள்ள வந்துராத. கொஞ்சம் பொறு."