மைக் செட்டுக்காரர் சேர்த்த கூட்டம்

எம்.எல்.ஏ. செங்குட்டுவராஜன் நாலு வருஷத்துக்குப் பிறகு வேப்பங்குளத்துக்கு வந்தார், தன் சாதனைகளை விளக்கிப் பேச. மைதானம் முழுக்க நாற்காலி போட்டிருந்தது. உட்காரத்தான் ஆள் இல்லை. மேடையில் மட்டும் கட்சிக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய கோபத்துக்குக் கிடைத்தவர் மைக் செட்டுக்காரர் தவசிலிங்கம்.

"உன் ஸ்பீக்கர் எதுக்குய்யா இருக்கு? அரை மணி நேரத்துல இந்த இடம் நிறையணும். இல்லைன்னா இனிமே இந்தத் தொகுதியில ஒரு கல்யாணத்துலகூட உன் செட்டு பாடாது!"

தவசிலிங்கத்துக்கு வேறு பிழைப்பில்லை. சற்று யோசித்தவர், மைக்கை எடுத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார். கீழே நின்றபடியே அறிவித்தார்:

"பொதுமக்களே! நம்ம எம்.எல்.ஏ. இன்னிக்குப் பேச மாட்டாரு. நீங்க பேசறதைக் கேட்டுக்க மட்டுந்தான் வந்திருக்காரு!"

அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். சிலர் காலிக் குடங்களோடு வந்தார்கள். வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். நாற்காலி போதவில்லை.

"யாரைக் கேட்டுய்யா அப்படிச் சொன்னே?" என்று எம்.எல்.ஏ. மேடையிலிருந்து குனிந்து பல்லைக் கடித்தார்.

"நீங்க பேசுவீங்கன்னு காலையிலேருந்து சொல்லிப் பார்த்தேங்கய்யா. யாருமே வரலை" என்றார் தவசிலிங்கம் பணிவாக.

எம்.எல்.ஏ. நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தார். கேட்ட கூட்டம் வந்துவிட்டதே!

தவசிலிங்கம் மைக்கை, காலிக் குடத்தோடு முன்னால் நின்ற பஞ்சவர்ணத்திடம் கொடுத்தார். அவள் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"ஐயா, சொல்ல நிறைய இருக்கு. முதல்ல, உங்கள்ல எம்.எல்.ஏ. யாரோ அவரு கொஞ்சம் கையைத் தூக்குங்க" என்றாள்.

எம்.எல்.ஏ. மெல்லக் கையைத் தூக்கினார். அன்றைக்கு அவருக்குக் கைதட்டல் கிடைத்தது அதற்கு மட்டுந்தான்.