ஒரு வினைச்சொல்லின் எடை

"லத்தீன் செத்துக்கொண்டிருக்கிறது" என்றார் ஃபெரியோல்.

ஆல்டா செர்ரிப் பழங்களைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேயேவா?" என்றாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ரோமாபுரிப் பேரரசு மறைந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பிரான்சின் தெற்கு மலையடிவாரத்தில், பிஷப்பின் பள்ளியில் லத்தீன் இலக்கணம் நடத்தியவர். அவளுக்கு முப்பத்தொன்று. எழுதப் படிக்கத் தெரியாது. மலைமேல் தனியாக ஒரு குடிலில் தவம் இருந்தாள். ஓராண்டுக்கு முன் அவர் அவளிடம் மாணவராக வந்து சேர்ந்தார். பிஷப்புக்கு இன்றுவரை அது விளங்கவில்லை.

"கீழே போயிருந்தேன்" என்றார் ஃபெரியோல். "சமாதான உறுதிமொழியை வாசித்தேன். இரண்டு ஊர்க்காரர்களும் கேட்க மாட்டோம் என்கிறார்கள்."

"என்ன சொன்னார்கள்?"

"'புரியவில்லை' என்றார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான்."

அன்று மந்தைகள் மேய்ச்சலுக்கு மலையேறும் நாள். மேலூரும் கீழூரும் ஒரே புல்வெளியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நண்பகலுக்குள் உறுதிமொழி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டாலும் ஆடுகள் ஏறிவிடும். அவற்றின் பின்னால் தடிகளும் ஏறும். சென்ற கோடைச் சண்டையில் கீழூர் உகோவுக்கு ஒரு கண் போனது.

"சென்ற ஆண்டும் உறுதிமொழி எடுத்தார்களே" என்றாள் ஆல்டா.

"எடுத்தார்கள். எழுத்தர் எழுதிக் கொடுத்தது. அதில் மூன்று இலக்கணப் பிழைகள். அதனால்தான் நிலைக்கவில்லை. நான் மூன்றையும் திருத்திவிட்டேன்."

ஆல்டா ஒரு பழத்தின் காம்பைக் கிள்ளினாள்.

"அப்படியானால் உகோவின் கண் இலக்கணப் பிழையால் போனது."

"நான் அப்படிச் சொல்லவில்லை, அம்மா."

"சொன்னீர்கள், ஆசிரியரே."

அவர் கூடையருகே உட்கார்ந்தார்.

"அவர்கள் பேச்சிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவேன்? 'காப்பேன்' என்பதற்கு அழகான ஒரே சொல் இருந்தது. செர்வாபோ. அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். 'காப்பது என்னிடம் இருக்கிறது' என்று சுற்றி வளைத்தார்கள். பிறகு அந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக அரைத்து, செர்வாரை என்கிறார்கள். அதுதான் இப்போது இவர்களுடைய 'காப்பேன்'."

"இந்த ஊரில் மட்டுமா?"

"தெற்கு மலைக்கு அப்பால் செர்வாரே. கிழக்கே போனால் செர்வெரோ. ஆளுக்கு ஒரு விதமாக அரைக்கிறார்கள். ஆனால் எல்லோரும் அரைத்தது அதே இரண்டு சொற்களை. பேசி வைத்துக்கொண்ட மாதிரி."

"பேசி வைத்துக்கொண்டார்களா?"

"எப்படி முடியும்? ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை."

"ம்" என்றாள் ஆல்டா. "வாசிக்கும்போது உங்கள் கையில் என்ன இருந்தது?"

"உறுதிமொழி எழுதிய தோல்."

"கனமாக இருந்ததா?"

"தோல் எப்படிக் கனக்கும்? காற்றில் ஒருமுறை பறந்தே போனது. உகோ பிடித்துக் கொடுத்தான்."

ஆல்டா எழுந்து குடிலுக்குள் போனாள். அடுப்பின் பின்னாலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அவர் கைகளில் வைத்தாள். ஒரு மாத ஆட்டுக்குட்டியின் எடை இருந்தது.

"எல்லைக்கல். குளிர்காலத்தில் இங்கே இருக்கும். சாட்சி சொல்பவர் கீழே கொண்டுபோக வேண்டும். சென்ற ஆண்டு சாட்சியாக நின்ற எழுத்தர் இதைக் கேட்டு வரவில்லை."

"நான்தான் சாட்சி" என்றார் ஃபெரியோல்.

"அதனால்தான் உங்களிடம் கொடுத்தேன்."

இறங்கினார்கள். ஆல்டா முன்னால் வெறுங்கையோடு, பழம் தின்றுகொண்டு போனாள்.

முதல் வளைவில் அவர், "சற்று இறக்கி வைக்கட்டுமா?" என்றார்.

"வைக்கலாம். வைத்தால் மறுபடி குடிலிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கம்."

"யார் ஏற்படுத்திய வழக்கம்?"

"தூக்காதவர்கள்."

இரண்டாம் வளைவில் அவர் கல்லைத் தோளுக்கு மாற்றினார். மூன்றாவதில் ஆல்டா திரும்பி வந்து அவர் வாயில் ஒரு பழத்தைப் போட்டாள். கொட்டையைத் துப்ப வழியில்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"இந்தக் கல் கனம் கூடிக்கொண்டே போகிறது" என்றார்.

"பழத்தின் கனம்" என்றாள் ஆல்டா.

புல்வெளியின் ஓரத்தில் இரண்டு ஊராரும் நின்றிருந்தார்கள். நடுவில் எல்லைக்கல்லின் குழி. எல்லோர் கையிலும் தடி. கல்லோடு வருபவரைப் பார்த்ததும் மேலூர்த் தலைவன் பொன்ஸ் தடியைக் கீழே போட்டான். ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

"ஐயா இந்த முறை வெறுங்கையோடு வரவில்லை" என்றான் உகோ.

"கன்னம் வீங்கியிருக்கிறதே. பல்வலியா?" என்றான் பொன்ஸ்.

ஃபெரியோல் கொட்டையைத் துப்பினார். யாரும் சிரிக்கவில்லை. பொன்ஸ் தொப்பியைக் கழற்றினான்.

"சாட்சி யார்?"

"நான்."

"பனி விழும் வரைக்கும் இரண்டு மந்தைக்கும் நடுவில் சமாதானத்தைக் காப்பீர்களா?"

செர்வாபோ என்ற அந்த ஒற்றைச் சொல்லை வருடந்தோறும் மாணவர்களுக்குப் பலகையில் எழுதிப் போட்டவர் அவர். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கல் மணிக்கட்டில் வழுக்கியது. கைகள் நடுங்கின. கல்லை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"செர்வாரை" என்றார்.

பொன்ஸ் தலையசைத்தான். கல்லை வாங்கிக்கொண்டு அதே சொல்லைச் சொன்னான். உகோ அவனிடமிருந்து வாங்கினான். ஒற்றைக் கண்ணால் பொன்ஸை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். காத்திருந்த மந்தையில் ஓர் ஆட்டு மணி கிணுகிணுத்தது. பிறகு அவனும் சொன்னான்.

ஃபெரியோல் தன் காலியான கைகளைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஒருவன் தண்ணீர்க் குடுவையை நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருடம்" என்று ஆல்டாவிடம் சொன்னார். "முப்பது வருடம், அம்மா. பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சொன்னால் பிரம்பை எடுப்பேன்."

"பழம் வேண்டுமா?" என்றாள் ஆல்டா.

ஆடுகள் ஏறத் தொடங்கின. இரண்டு ஊர் ஆட்டு மணிகளும் கலந்து ஒலித்தன. எந்த மணி எந்த ஊருடையது என்று சொல்ல முடியவில்லை. யாரோ ரொட்டியை வெட்டினார்கள்.

பொன்ஸ் ஒரு மெழுகுப் பலகையோடு வந்தான்.

"நாங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதித் தருவீர்களா ஐயா? எங்கள் பேச்சில் எழுதியதை இதுவரை யாரும் பார்த்ததில்லை."

"தருகிறேன். ஆனால் கை இன்னும் நடுங்குகிறது" என்றார் ஃபெரியோல். "நாளைக்கு எழுதுவேன்."

உகோ கல்லைக் குழியில் இறக்கக் குனிந்திருந்தான். அப்படியே நின்று ஆல்டாவைப் பார்த்தான்.

ஆல்டா தலையை மெல்லச் சாய்த்தாள்.

உகோ வந்து கல்லை ஃபெரியோலின் கைகளில் வைத்தான். "'எழுதுவேன்' என்பதும் உறுதிமொழிதானே, ஐயா" என்றான்.

அவர் கல்லைப் பார்த்தார். மேலே குடிலுக்குப் போகும் பாதையைப் பார்த்தார்.

"இப்போதே எழுதுகிறேன்" என்றார்.