அடி தேயாத செருப்பு

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்று கரூரில் நாலு பேர் கையை விரித்த பிறகு, ஐந்தாவது வீட்டுக்காரரிடம் கனகவல்லி ஒரு கணவரை உண்டாக்கிச் சொன்னாள். அவர் நாக்பூரில் லாரி புக்கிங் ஆபீசில் வேலையாம். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவாராம். வந்தாலும் அசதியில் வெளியே தலை காட்ட மாட்டாராம். உண்மையில் அவளோடு வாழ்ந்தவர் அவளை விட்டுப் போய் அப்போதே நாலு வருடம் ஆகியிருந்தது.

பொய்க்குச் சாட்சி வேண்டாமா? ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி ஆண் செருப்பு வாங்கி வாசலில் போட்டாள். அவர் ‘வரும்’ ஞாயிறுகளில் இரண்டு பேருக்கு மீன் குழம்பு வைத்து, செவ்வாய் வரைக்கும் அதையே சாப்பிட்டாள். "இந்தாங்க, காபி ஆறுது" என்று உரக்கச் சொல்லிவிட்டு அந்தக் காபியையும் தானே குடித்தாள். பாவம், அவளோடு பேச அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு நாள் காலை தெருநாய் ஒன்று அந்தச் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்க் குழாயடியில் கவிழ்த்துப் போட்டது. மேல்வார் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அடியோ கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். கனகவல்லியும் வாசலிலிருந்து அதைக் கண்டாள். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த மூவரில் தெய்வானை ஒன்றுமே பார்க்காதவள்போல் செருப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகும் பார்க்கும்போதெல்லாம், "சார் சௌக்கியமா?" என்று மறக்காமல் கேட்டாள்.

மெஹருன்னிசா இன்னும் கெட்டிக்காரி. நாய் கடித்ததைத் தைத்துத் தருவதாக ஜோடியை வாங்கிப் போய், ஒரு மாதம் தன் கணவரை அதைப் போட்டுக்கொண்டு நடக்கவைத்து, அடி தேய்ந்த பிறகு கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணன் வந்தா போட்டுக்கட்டும்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பூரணிக்குத்தான் நாசூக்கு தெரியாது. நாய் செருப்பைக் கவ்விய அன்று மத்தியானமே, ஆளில்லாத நேரம் பார்த்து வந்து, "உங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்லைன்னு தெரியுதுங்க அக்கா. எங்கிட்ட எதுக்கு இந்த வேஷம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். கனகவல்லி கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பூரணி வேறு யாரிடமும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு. கணவர் வந்திருப்பதாகக் கனகவல்லி சொல்லியிருந்த ஞாயிறு. அன்று பார்த்து அவளுக்கு அனலாய்க் காய்ச்சல். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துத் தர ஆளில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று பெண்களும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அவள் யார் வீட்டுக் கதவைத் தட்டினாள்? ஏன்?

விடை: பூரணி வீட்டுக் கதவை. மற்ற இருவரும் நல்லவர்கள். அவள் மானத்தைக் காப்பாற்றியவர்கள். ஆனால் அவர்களும் அந்த நாடகத்தில் சேர்ந்துகொண்டவர்கள். அங்கே போய் நின்றால், அவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, உள்ளே இருக்கும் மனிதர் ஏன் ஒரு வாய் வெந்நீர் தரவில்லை என்று இவள் கதை சொல்லியாக வேண்டும். காய்ச்சலில் அதற்குத் தெம்பில்லை. பூரணி எதுவும் கேட்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "உள்ள வாங்கக்கா" என்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கனகவல்லி இன்னொருவர் முன்னால் அழுதாள்.