வௌவால் போட்ட கோடுகள்

ஆற்றங்கரைக் காட்டில் கூரி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை ஒரு நெட்டைப் பாறையில் கீறி வைப்பதும், கேட்டவர்களுக்குப் படித்துச் சொல்வதும் அவள் வேலை. கீறுவதற்கு முள் சொந்தமாகவே இருக்கிறதே என்று அரசி யானை அவளை நியமித்துவிட்டாள்.

பாறையின் முறை எளிது. ஒரு குடும்பத்துக்கு ஒரு படம். பக்கத்தில் வளைக்கு அடையாளமாக ஒரு மரமோ கல்லோ இருக்கும். படத்துக்கு மேலே கோடு போட்டிருந்தால் அந்தக் குடும்பம் மேட்டில் இருக்கிறது. கீழே போட்டிருந்தால் ஆற்றையொட்டிய பள்ளத்தில் இருக்கிறது. இதைவிடச் சுலபமாக ஒன்றைச் செய்ய முடியாது.

ஆனால் சுலபமானதையும் குட்டிச்சுவராக்கக் காட்டில் ஆள் இருந்தது. கூரிக்கு முன் அந்த வேலையைப் பார்த்தது கிளி. ஒன்றைச் சொன்னால் இரண்டு முறை சொல்வது அதன் பழக்கம். அதே பழக்கத்தில் ஒரே குடும்பத்தை இரண்டு இடத்தில் வரைந்து வைத்திருந்தது. அதற்கும் முன்னால் இருந்தது வௌவால். பாறையின் மேல்பாதி முழுவதும் அது வரைந்தது. முயலா, மானா, முள்புதரா என்று தெரியாது. வௌவாலுக்குப் படம் வராது என்று எல்லோரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"ரெண்டு நாள் கொடுங்கண்ணே. முழுசா ஒரு தடவை சரி பண்ணிடறேன்" என்று கூரி கேட்காத நாளில்லை.

கேட்டது செம்பன் நரியிடம். அரசிக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஓடுவது அவன் உத்தியோகம். அரசி எதைக் கேட்டாலும் "இதோ, இப்பவே" என்று வாக்குக் கொடுத்துவிடுவான். பிறகு பாறைக்கு ஓடிவந்து கூரியின் உயிரை எடுப்பான்.

"கொம்பு உள்ளவங்க எத்தனை குடும்பம்? உடனே வேணும்."

"நேத்து வால் இல்லாதவங்களைக் கேட்டீங்க. அது எதுக்கு?"

"அது அரசியம்மாவுக்கே மறந்துபோச்சு. இது ரொம்ப அவசரம்."

அரசி 'முடிந்தபோது விசாரித்து வை' என்றுதான் சொல்லியிருப்பாள். செம்பன் வாயில் நுழைந்து வெளியே வரும்போது அது அவசரமாகிவிடும்.

போன மாதம் அரசியின் கன்றுக்குப் பெயர் வைக்கும் விருந்து நடந்தது. புல் தின்னும் குடும்பங்கள் எத்தனை என்று செம்பன் கேட்டான். எண்ணிக்கை தப்பாக இருக்கும் என்று கூரி சொல்லிப் பார்த்தாள். "இருக்கறதைச் சொல்லு" என்றான். சொன்னாள். கிளி இரட்டித்து வைத்த புண்ணியத்தில் பாதிப் புல் மிஞ்சி அழுகி, காடே நாறியது. "பாறை கூரியோட பொறுப்பு" என்று செம்பன் நைசாக ஒதுங்கிக்கொண்டான். சபையில் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியது கூரி. அன்று அவள் அழுதாள். அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். தப்பென்று தெரிந்த எதையும் இனி தன் வாயால் சொல்வதில்லை.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் நாரை ஒன்று பதறிப்போய் அரசியிடம் வந்தது. மலையடி ஏரியின் கரை கசிகிறது, உச்சிவேளைக்குள் உடைந்துவிடும் என்றது.

அது பெரியவர்கள் இரை தேடப் போயிருக்கும் நேரம். பள்ளத்து வளைகளில் குட்டிகள் மட்டும் தனியாக இருந்தன. யார் கூப்பிட்டாலும் வெளியே வரக்கூடாது என்று சொல்லி வளர்த்த குட்டிகள். வளையைத் தோண்டித்தான் தூக்கிவர வேண்டும். அதற்கு ஆறு யானைகள் தயாராக நின்றன. எந்த வளை, எந்த மரத்தடி என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்.

செம்பன் பாறைக்குப் பறந்து வந்தான்.

"பள்ளத்துல இருக்கறவங்க எல்லாரையும் சொல்லு. சீக்கிரம்."

"அண்ணே, இந்தப் பாறையை நம்பி..."

"பேச நேரமில்லை கூரி. என் குட்டிங்களும் அங்கதான் இருக்கு."

அவன் குரல் நடுங்கியது. அவன் நடுங்கி கூரி பார்த்ததில்லை. அவள் அண்ணாந்து, கீழே கோடு போட்ட படங்களை எல்லாம் மேலிருந்து கடைசி வரை கண்ணால் ஓட்டினாள். ஓட்டி முடித்ததும் செம்பன் பக்கம் திரும்பினாள்.

"உங்க வளை எங்கே இருக்கு அண்ணே?"

"பள்ளத்துல, நாணல் புதர் ஓரமா. உனக்குத் தெரியாதா?"

"பள்ளத்துப் பட்டியல்ல நரியே இல்லை."

செம்பன் பாறையை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு அவசரம் அவனை மறுபடி பிடித்துக்கொண்டது. "சரி, அதை மட்டும் நான் வாயால சொல்லிக்கறேன். மத்ததை அப்படியே கொடு."

"மாட்டேன்" என்றாள் கூரி.

"என்னது?"

"உங்க வளை ஒண்ணு மட்டுமா தப்பா இருக்கும்? நீங்க இங்க நிக்கறதால உங்களுது தெரிஞ்சுபோச்சு. இங்க நிக்காதவங்க குட்டிங்க என்ன ஆகும்?"

செம்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் காட்டினான். கூரி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறையின் மேல்பாதியைத் துழாவினாள். நாணல், நாணல் என்று தேடினாள். இருந்தது! மேல்கோடு போட்ட ஒரு கிறுக்கலுக்குப் பக்கத்தில் நாணல் வரைந்திருந்தது. அந்த நாணலின் பூவெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கியது.

எந்த நாணல் கீழ்நோக்கிப் பூக்கும்?

கூரி ஒரு கணம் யோசித்தாள். வரைந்தது யார்? வௌவால். வௌவால் எப்படி இருக்கும்?

மறுகணம் அவள் தலையைப் பாறைப் பக்கம் வைத்து மல்லாந்து விழுந்தாள். முள்ளம்பன்றி மல்லாந்து படுப்பது என்றால் சும்மாவா! முதுகு முள்ளெல்லாம் மடங்கி அவளையே குத்தியது. உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு, தலைகீழாகப் பாறையைப் பார்த்தாள்.

நாலு காது வைத்த விநோத மிருகம் நாலு கால் நரியானது. முள்புதர் மானானது. வௌவாலுக்குப் படம் அருமையாக வரும். அது பாறை உச்சியில் தொங்கிக்கொண்டே வரைந்திருக்கிறது, அவ்வளவுதான். படத்துக்கு மேலே என்று அது போட்ட கோடெல்லாம் மற்றவர்கள் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்தது. பள்ளத்துக்காரர்கள் மேட்டிலும், மேட்டுக்காரர்கள் பள்ளத்திலும் இத்தனை நாளாகக் குடியிருந்தார்கள்.

"அண்ணே, நான் சொல்லச் சொல்ல மனசுல வாங்கிக்கோங்க. கீரிப்பிள்ளை வீடு, மருத மரத்தடி. முயல் வீடு, இரட்டைக் கல்."

"ஓட்டமா சொல்லு."

"ஒழுங்கா சொல்றேன். காட்டுப்பூனை வீடு, நாவல் மரம்."

மேல்பாதி முடிந்ததும் எழுந்து, கீழ்ப்பாதியில் கிளி இரட்டித்ததை அடித்துக்கொண்டே படித்தாள். ஒரே வளைக்கு இரண்டு யானை போனால் வேறொரு வளைக்கு யானை இருக்காது. மொத்தம் இருபத்து மூன்று வளைகள். செம்பன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்காட்டும்வரை அவள் அடுத்ததற்குப் போகவில்லை. தன் வளைக்காகத் துடித்துக்கொண்டே அடுத்தவர் வளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது அவனுக்கு. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூரி ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.

யானைகள் இறங்கின. தோண்டின. துதிக்கையில் சுற்றித் தூக்கின. நாணல் புதரோரம் மூன்று நரிக்குட்டிகளை அரசியே தன் துதிக்கையால் எடுத்தாள். கடைசி யானை மேட்டில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் ஏரி உடைந்து, செம்மண் வெள்ளம் பள்ளத்தை மூடிக்கொண்டு போனது. இருபத்து மூன்று வளைகளின் குட்டிகளும் மேட்டில் நின்று அதைப் பார்த்தன.

அரசி மூச்சு வாங்கினாள். "செம்பா, பட்டியல் வர இவ்வளவு நேரமா? இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

வழக்கமாக இந்த இடத்தில் செம்பன், கூரியின் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வான். இன்றும் அவள் பெயரைத்தான் சொன்னான்.

"நான் கேட்ட வேகத்துக்குக் கூரி கொடுத்திருந்தா, அரசியம்மா, நீங்க மேட்டுல இருக்கற அணில் வீட்டைப் பள்ளத்துல தேடிக்கிட்டு இருந்திருப்பீங்க. பள்ளத்துக் குட்டிங்க பாதி தண்ணிக்குள்ள இருந்திருக்கும். அவ மாட்டேன்னு சொன்னா. அதனாலதான் இதுங்க உயிரோட இருக்கு."

அவன் அழுதான். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கவலைப்படவில்லை. கூரி தூரத்தில் ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்து, மடங்கிய முட்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

கேட்பவர் அவசரப்படுகிறார் என்பதற்காகத் தப்பான பதிலைத் தருவது ஒருபோதும் உதவி ஆகாது.