எதையும் கேட்கலாகாது

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் யாராவது உரிமை கொண்டாடிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், ஆகவே விட்டுவிடுவோம். அந்த நாட்டு ராஜா நல்லவர். குடிகளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் வேட்டைக் கதை சொல்லும் ஆசை மட்டும் அவரை விடவில்லை. சபையில் இருந்தவர்கள் ஒரே கதைக்குத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலி கண்டு, வைத்தியரிடம் தைலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் ராஜாவுக்குப் புதிய காதுகள் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்காக அவரே கட்டிக்கொடுத்த பாடசாலை ஒன்று இருந்தது. பரிவாரத்தோடு நேரே அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

"குழந்தைகளே, நடுக்காட்டில் ஏழு புலிகள் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டன. நான் விட்டது ஒரே அம்பு. ஏழும் சாய்ந்தன!"

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த செங்கமலம் மட்டும் விரலால் தரையில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாள். ஓடக்காரர் மாசிலாமணியின் மகள் அவள், பன்னிரண்டு வயது. எழுந்து நின்று கைகட்டி மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மகாராஜா, சுற்றி நின்ற புலியெல்லாம் அம்பு வரும்போது எதுக்கு வரிசையில போய் நின்னுது?"

ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். வெளியே நின்ற யானைப் பாகனும் சிரித்துவிட்டான். சபையின் விகடகவி பூவராகன், இருமல் வந்தவனைப் போல மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டான். ராஜாவின் மீசை மெல்லத் தொங்கியது. எழுந்து போய்விட்டார்.

இதற்காகவே காத்திருந்தவர் பிரதானி ஆபத்சகாயர். பெயர்தான் அப்படி. ஆபத்தில் இருப்பவனுக்கு இன்னோர் ஆபத்தைச் சகாயமாகக் கொடுக்கிறவர் அவர். பூவராகன் என்றால் அவருக்கு வேப்பங்காய். அந்தப் பாடசாலையைக் கட்டும்படி ராஜாவுக்கு யோசனை சொன்னவன் பூவராகன் என்பதால் பாடசாலையும் அவருக்குக் கசந்தது.

மறுநாள் சபையில் பிரதானி கைகூப்பினார். "அரசே, இன்று புலியைப் பற்றிக் கேட்டவள் நாளை வரியைப் பற்றிக் கேட்பாள். நாளன்றைக்குச் சிம்மாசனத்தையே கேட்பாள். முளையிலேயே கிள்ள வேண்டும். அவள் பெயரைப் பாடசாலை ஏட்டிலிருந்து அடித்துவிடத் தாங்கள் கட்டளையிட வேண்டும்."

பூவராகன் உடனே எழுந்து நின்றான்.

"அரசே, அந்த வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் அந்தப் பெண். ஓடத்தில் ஏறுகிறவர்கள் ஓலையைக் கொண்டுவந்து அவளிடம்தான் வாசிக்கச் சொல்கிறார்கள். ஒரு வார்த்தைக்காக அவளை வெளியே நிறுத்தலாமா?"

ராஜாவின் முகம் கொஞ்சம் இளகியது. அதைக் கண்ட பிரதானி அவசரமாக வலையை விரித்தார்.

"பூவராகனுக்கு இத்தனை அக்கறை என்றால் ஒன்று செய்யட்டும். பாடசாலைக்கு நான் ஒரு விதி எழுதுகிறேன். ஏழு நாள் அதை இவரே நடத்திக் காட்டட்டும். ஒரு பிள்ளையும் மீறவில்லையென்றால் அந்தப் பெண் படிக்கட்டும். ஒரே ஒரு பிள்ளை மீறினாலும் அவள் பெயர் ஏட்டில் இருக்கக் கூடாது, இவர் சபையில் இருக்கக் கூடாது."

"சம்மதமா, பூவராகா?" என்றார் ராஜா.

"ஓர் எழுத்தும் பிசகாமல் நடத்துகிறேன், அரசே. விதி என்னவென்று பிரதானியார் சொல்லட்டும்."

பிரதானி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பாடசாலையில் மாணாக்கர் எவரும் எப்போதும் எந்தக் கேள்வியும் கேட்கலாகாது."

நாற்பது பிள்ளைகளை ஏழு நாள் கேள்வி கேட்காமல் வைத்திருப்பது நாற்பது தவளைகளைத் தராசில் வைத்து நிறுக்கிற வேலை. பூவராகனுக்கு அது தெரியாதா? அவன் தாடையைத் தடவிக்கொண்டான்.

"கேள்வி மட்டும்தானா, பிரதானியாரே? 'தண்ணீர் கொடுங்கள்' என்பது கேள்வி இல்லை. 'எனக்கு விடுமுறை வேண்டும்' என்பதும் கேள்வி இல்லை. அவற்றையெல்லாம் அனுமதித்துவிடலாம், அல்லவா?"

"ஓட்டை தேடுகிறீரா?" என்று துள்ளினார் பிரதானி. "அந்தக் 'கேள்வி' என்ற சொல்லையே எடுத்துவிடும்! 'எதையும் கேட்கலாகாது' என்று போடும்!"

"எதையும்?"

"எதையும்!"

"பிறகு பேச்சு மாறக் கூடாதே, கல்லில் வெட்டி வாசலில் நட்டுவிடலாமா?"

"தாராளமாக வெட்டும்!"

பூவராகன் தலையைக் குனிந்து வணங்கினான். குனிந்ததற்குக் காரணம் பணிவு மட்டும் இல்லை. முகத்தில் வந்த சிரிப்பை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

கல் வந்தது. பாடசாலை வாசலில் நட்டார்கள். கல்லுக்கு வெளிப்பக்கம், இலவமரத்தடியில், பூவராகன் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு விதியைப் படித்துக் காட்டினான். செங்கமலம் அழுது முகம் வீங்கி நின்றாள்.

"என்னால எல்லாருக்கும் வாயைக் கட்டிட்டாங்களே, ஐயா."

"வாயையா? நல்லாப் படிச்சுப் பாரம்மா. அதிலே வாய்னு எங்கேயாவது இருக்கா?" என்றான் பூவராகன்.

அவள் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை கண்ணீரோடேயே சிரித்துவிட்டாள்.

அன்று முதல் பிள்ளைகள் கல்லைத் தாண்டும் முன் ஆளுக்கு இரண்டு உருண்டை இலவம்பஞ்சை எடுத்துக் காதில் ஆழத் திணித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பொன்னுரங்க வாத்தியாருக்கு ஊர் எல்லைவரை கேட்கும் தொண்டை. "எல்லோரும் நான் சொல்வதைக் கேளுங்கள்!" என்று முழங்கினார். பூவராகன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"வாத்தியாரையா, பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுகிறீர்களே! ராஜ கட்டளையை மீறச் சொல்லலாமா?"

வாத்தியார் வாசலுக்குப் போய்க் கல்லைப் பார்த்தார். திரும்பி வந்து பேசாமல் எழுத ஆரம்பித்தார். எழுதி எழுதி மூன்றாம் நாள் அவருக்கு விரல் வீங்கியது. பாடசாலை மணியும் பிள்ளைகள் காதில் விழாது என்பதால், சாப்பாட்டு வேளைக்குப் பூவராகன் தலைப்பாகையை அவிழ்த்து வீசிக் காட்டினான்.

நான்காம் நாள் பிரதானி ஒரு தாம்பாளம் நிறைய அதிரசத்தோடு வந்தார். பிள்ளைகள் கேட்காமலா இருந்துவிடுவார்கள் என்று அவருக்கு நினைப்பு. தட்டை மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார்.

"அதிரசம் வேண்டுமா? வேண்டுமென்றால் வாய் திறந்து கேளுங்கள்!"

ஒரு வாயும் திறக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் பிள்ளைகளின் வாயில்தான் இருந்தது. காதைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பானையில் தண்ணீர் மொள்ளப் போனார். திரும்பி வந்தால் தாம்பாளம் பளபளவென்று இருந்தது.

"அடப் பாவிகளா! கேட்காமலே எடுத்துத் தின்றுவிட்டார்களே!"

"கேட்டிருந்தால்தானே குற்றம், பிரதானியாரே?" என்றான் பூவராகன்.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பாகப் போகவில்லை. ஆறாம் நாள் வாத்தியார் தேய்பிறையைப் படமாக வரைந்தார். நிலா ஏன் தேய்கிறது என்று செங்கமலத்துக்குக் கேட்க வேண்டும். பாதி எழுந்தவள், கல் இருந்த பக்கம் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்த கேள்வி தொண்டையோடு திரும்பிப் போனதைப் பூவராகன் பார்த்தான். இன்னும் ஒரே நாள் பொறு தாயே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஏழாம் நாள் மாலை ராஜாவே வந்தார். ஒரு பிள்ளையும் விதியை மீறவில்லை என்று வாத்தியார் சத்தியம் செய்தார். பிரதானி பல்லைக் கடித்தார். ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இனி குறுக்கே பேச ஆளில்லை அல்லவா? இந்தத் தடவை ஒன்பது புலிகளோடு ஆரம்பித்தார். கையை வீசினார், உறுமிக் காட்டினார், அம்பு விட்டார்.

பிள்ளைகள் சுவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள். 'அடேயப்பா' இல்லை, 'அப்புறம்' இல்லை. ஐந்தாவது புலியிலேயே ராஜாவின் குரல் இறங்கிவிட்டது. கதை பாதியில் நின்றது.

"பூவராகா, இவர்களுக்கு என்ன வந்தது? கல்லிடம் பேசுவதுபோல இருக்கிறதே!"

பூவராகன் முன்வரிசைப் பையன் ஒருவனின் காதிலிருந்து பஞ்சை எடுத்து ராஜாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"தங்கள் கட்டளைதான், அரசே. எவரும், எப்போதும், எதையும் கேட்கலாகாது. தங்கள் கதையையும் சேர்த்து."

"அநியாயம்! நான் சொன்னது அந்தக் கேட்பது இல்லை!" என்று அலறினார் பிரதானி.

"ஆமாம், பூவராகா," என்றார் ராஜாவும் கோபமாக. "இதுகூடவா தெரியாது உனக்கு? கேட்பது வேறு, கேட்பது வேறு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. "கேட்பது வேறு... கேட்பது..." என்று இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டார்கள், அரசே," என்றான் பூவராகன். "ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபட்டுப் போகிறது. காது கொடுத்துக் கேட்ட பிள்ளைதான் வாய் திறந்தும் கேட்கும். அன்று தங்கள் கதையை முழுமனதாகக் கேட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். நாங்களெல்லாம் வெறுமே தலையாட்டினோம்."

ராஜா உள்ளங்கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு செங்கமலத்தைக் கையசைத்து அருகே அழைத்து, பஞ்சை எடுக்கும்படி சைகை காட்டினார். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் எடுத்தார்கள்.

"கேள், அம்மா."

அவள், "மகாராஜா, காதாலயா, வாயாலயா?" என்றாள்.

ராஜாவின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரே புலிதான், குழந்தாய். அதுவும் கிழப்புலி. என் அம்பு மரத்தில் போய்த் தைத்தது. அந்தச் சத்தத்தில் புலி ஒரு பக்கம் ஓடியது, நான் ஒரு பக்கம் ஓடினேன்."

"அந்தக் கதைதான் நல்லா இருக்கு," என்றாள் செங்கமலம். பஞ்சை எடுத்திருந்த பிள்ளைகளெல்லாம் "அப்புறம்? அப்புறம்?" என்று நெருங்கி வந்தார்கள். ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பூவராகா, அவள் பெயர் ஏட்டில் இருக்கும். உனக்கு என்ன வேண்டும்?"

"வாசல் கல்லில் ஒரு 'காது' அடைபட்டுக் கிடக்கிறது, அரசே. அதை வெட்டி எடுத்துவிட்டு ஓர் எழுத்துப் போட அனுமதி வேண்டும்."

கல்தச்சர் வந்தார். 'கேட்கலாகாது' என்பதில் கடைசியில் இருந்த 'காது' இரண்டு எழுத்தையும் செதுக்கி எறிந்துவிட்டு, அங்கே ஒரு 'ம்' வெட்டினார். செங்கமலம் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்: "இப்பாடசாலையில் மாணாக்கர் எவரும் எப்போதும் எதையும் கேட்கலாம்."

பிரதானி அந்தக் கல்லைப் பார்க்காமல் சுற்றுவழியாகப் போனார்.

ராஜா தன் வலக்காதிலிருந்த முத்துக் கடுக்கனைக் கழற்றிப் பூவராகன் கையில் வைத்தார். "கல்லிலிருந்து காதை எடுத்தவனுக்கு, என் காதிலிருந்து இது."

செங்கமலம் ராஜாவின் இடக்காதைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். எழுந்து நின்று கைகட்டினாள்.

"மகாராஜா, இன்னொரு காதுல இருக்கிறது யாருக்கு?"

"கேட்கலாம் என்றுதானே வெட்டச் சொன்னேன்? கொடுப்பேன் என்று வெட்டச் சொல்லவில்லையே!" என்று சிரித்தார் ராஜா. சிரித்துக்கொண்டே அதையும் கழற்றினார்.